அமெரிக்காவில் வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்திடும் நாள்: நோட்டரி உங்கள் அடையாளத்தைச் சரிபார்க்கும் முறை

அமெரிக்காவில் வீடோ மனையோ கைமாறும் நாளை 'குளோசிங்' என்கிறார்கள். அன்று விற்பவர் உரிமைப் பத்திரத்திலும், கடன் பெற்று வாங்குபவர் அடமானப் பத்திரத்திலும் கையெழுத்திடுகின்றனர். இப்பத்திரங்களைக் கவுண்டிப் (மாவட்டம் போன்ற ஆட்சிப் பிரிவின்) பதிவகம் ஏற்க வேண்டுமானால், கையெழுத்திட்டவர் இன்னார்தான் என்று ஒரு நோட்டரி சான்றளித்திருக்க வேண்டும். நோட்டரியை நியமிப்பது மாநில அரசு என்பதால், விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன. இங்கே பெரும்பாலும் கலிபோர்னியாவின் விதிகளைக் கொண்டே விளக்குகிறேன்.

நோட்டரியின் சான்று பத்திரம் முழுவதற்கும் கிடைத்த உத்தரவாதம் என்று பலர் எண்ணுகின்றனர், அது தவறு. கையெழுத்திட்டவரின் அடையாளத்தை மட்டுமே அவர் உறுதி செய்கிறார். விற்பவருக்கு உண்மையில் உரிமை உண்டா, பத்திரத்தில் எழுதியிருப்பது சரியா என்பவற்றுக்கு அவர் பொறுப்பல்லர். கலிபோர்னியாவில் 2015 முதல் இந்த எச்சரிக்கையைச் சான்றிதழின் மேலேயே கட்டமிட்டு அச்சிட வேண்டும்.

சில மாநிலங்களில் நோட்டரிக்குத் தனிப்பட்ட முறையில் தெரிந்தவர் என்பதே போதுமான சான்றாகும். கலிபோர்னியா 2008இல் அவ்வழியை நீக்கிவிட்டது. அங்கே உறவினரோ பல்லாண்டு நண்பரோ ஆனாலும் அடையாள அட்டையைக் காட்டியே ஆக வேண்டும். அது செல்லுபடியாகும் அட்டையாகவோ, கடந்த 5 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவோ இருக்க வேண்டும். மாநில ஓட்டுநர் உரிமம், மாநில அடையாள அட்டை, அமெரிக்கக் கடவுச்சீட்டு ஆகியவை சிக்கலின்றி ஏற்கப்படும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டும் சட்டம் ஏற்கும் சான்றுகளின் பட்டியலில் உண்டு. ஆனால் படம், உடல் விவரம், கையொப்பம், அடையாள எண் ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும் என்பதால், அதை மட்டும் நம்பிச் செல்வது நல்லதன்று. நம்மவர்கள் பெரிதும் நம்பும் கிரீன் கார்டு அந்தப் பட்டியலிலேயே இல்லை. சமூகப் பாதுகாப்பு அட்டையும் இந்திய ஓட்டுநர் உரிமமும் அவ்வாறே.

தமிழருக்கு அதிகம் இடறும் இடம் பெயர்தான். கடவுச்சீட்டில் ஒரே பெயர் இருந்தால், அமெரிக்க விசாவில் முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று, அதாவது முதற்பெயர் தெரியாது என்று, அச்சாகிறது. சிலருக்கு அதுவே ஓட்டுநர் உரிமத்திலும் ஏறிவிடுகிறது. அட்டையில் உள்ள பெயர் பத்திரத்தில் உள்ளதைவிட விரிவாக இருக்கலாம், சுருங்கி இருக்கக்கூடாது என்பது நோட்டரிகள் பலர் பின்பற்றும் நடைமுறை. அட்டையில் 'சண்முகம் குமார்' என்றும் பத்திரத்தில் 'எஸ். குமார்' என்றும் இருந்தால் ஏற்பார். இதற்கு நேர்மாறாக இருந்தால் தயங்குவார். கடன் ஆவணக் கட்டில் உங்கள் பிற பெயர்களை அறிவிக்கும் உறுதிமொழித் தாள் ஒன்றும் இருக்கும். அதில் கையெழுத்திடுபவரும் நீங்களே என்பதால், அது அடையாள அட்டைக்கு ஈடாகாது.

அட்டை இல்லாதவருக்கும் வழியுண்டு. கையெழுத்திடுபவரை அறிந்த சாட்சி, அவர் இன்னார்தான் என்றும், அவரிடம் அட்டை இல்லை, அதைப் பெறுவதும் மிகக் கடினம் என்றும் சத்தியம் செய்து கூற வேண்டும். சாட்சியை நோட்டரிக்கும் தெரிந்திருந்தால் ஒருவர் போதும். இல்லையெனில் இருவர் தேவை. சாட்சிகளும் தம் அட்டையைக் காட்ட வேண்டும். அவர்கள் பெயர் பத்திரத்தில் இருக்கக்கூடாது. அப்பத்திரத்தால் அவர்களுக்குப் பண ஆதாயமும் கூடாது.

இவற்றை நோட்டரி தம் பதிவேட்டில் குறிக்கிறார். கலிபோர்னியாவில் சொத்துப் பத்திரமானால் வலது கட்டைவிரல் ரேகையும் பெறுகிறார். இதற்காக யாரும் மனம் வருந்த வேண்டியதில்லை. உரிமையாளர் போல நடித்து, காலி மனைகளை விற்றுவிடும் மோசடியில், பின்னாளில் ஆளைக் கண்டறிய அந்த ரேகை உதவும். போதிய சான்று பெறாமல் கையெழுத்தை உறுதி செய்யும் நோட்டரிக்கு 10,000 டாலர் வரை அபராதம் உண்டு.

நோட்டரியிடம் நேரில் செல்லாமல் காணொளி வழியே கையெழுத்திடும் இணையவழிச் சான்றளிப்பை முதலில் அனுமதித்த மாநிலம் வர்ஜீனியா; 2011இல் இயற்றிய சட்டம் 2012இல் நடைமுறைக்கு வந்தது. இம்முறையில் பொதுவாக மென்பொருள் அட்டையைச் சோதிக்கும். உங்கள் கடன் வரலாறு, பழைய முகவரிகள் போன்றவற்றிலிருந்து கேள்விகளும் கேட்கப்படும். நிகழ்வு முழுவதும் காணொளியாகப் பதிவாகும். அண்மையில் குடியேறியவருக்கு அத்தகைய வரலாறு குறைவு என்பதால், அக்கேள்விகளில் தேறுவது கடினமாகலாம். அவர்கள் நேரில் சென்று கையெழுத்திடுவதே எளிது. பத்திரத்தில் தங்கள் பெயர் எவ்வாறு அச்சாகப் போகிறது என்பதைக் குளோசிங்கிற்குச் சில நாட்கள் முன்பே கேட்டு, அட்டையோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுத் திருத்தச் சொல்லலாம்.