கிளஸ்டர் என்றால் கொத்து

எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளோடு ஒரு செயலியை இணைக்க உட்கார்ந்தால் முதலில் எதிர்ப்படும் சொல் கிளஸ்டர். பல சர்வர்கள் ஒரே பெயரின் கீழ் சேர்ந்து ஒரே தேடல் சேவையாக நடந்துகொள்வதுதான் அது. உள்ளே இருக்கும் ஒவ்வொன்றும் நோடு, தமிழில் கணு. தரவு துண்டுகளாகப் பிரிந்து கணுக்களில் கிடக்கும், ஒவ்வொரு துண்டுக்கும் நகல் வேறொரு கணுவில் இருக்கும்.

பழைய ஆங்கிலத்திலேயே கிளஸ்டர் என்ற இந்தச் சொல் 'கிளிஸ்டர்' என்று உண்டு, திராட்சை போல ஒன்றாகக் காய்த்துத் தொங்குவதைச் சொன்ன சொல். அப்படியானால் தமிழில் குலை என்று சொல்லலாமே என்றால், குலைக்குக் காம்பு ஒன்றுதான், அது அறுந்தால் எல்லாம் போச்சு. கிளஸ்டர் அப்படியில்லை, தலைமைக் கணு விழுந்தால் தலைமைக்குத் தகுதியுள்ள மொத்தக் கணுக்களில் பாதிக்கு மேல் உயிரோடு இருக்கும்வரை அவை தங்களுக்குள் ஓட்டுப் போட்டு வேறொன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் (அத்தகைய கணுக்களைக் குறைந்தது 3 வைக்கச் சொல்வது இதனால்தான்). திரள் என்றால் கூட்டம் தெரிகிறது, கட்டு தெரியவில்லை. தொகுதி ஏற்கெனவே ஏகப்பட்ட வேலை பார்க்கிறது. கொத்தணி என்றும் எழுதுகிறார்கள், தவறில்லை, ஆனால் சாவிக்கொத்து, பூங்கொத்து என்று வாயில் புழங்கும் கொத்து இருக்கும்போது அந்த 'அணி' எதற்கு?

சரி, கொத்தோடு இணைப்பது எப்படி? பேச்சுக்குத்தான் கொத்தோடு இணைக்கிறோம், செயலி உண்மையில் பேசுவது ஏதோ ஒரு கணுவோடு. அந்தக் கணு மற்ற கணுக்களில் உள்ள துண்டுகளையும் கேட்டு, விடையைத் திரட்டித் தரும். அதனால் செயலியின் அமைப்பில் ஒரே முகவரியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது, அந்த ஒன்று நின்றால் கொத்து நன்றாக இருந்தும் உங்கள் தேடல் நின்றுவிடும். இரண்டு மூன்று முகவரிகளைக் கொடுங்கள். மீதிக் கணுக்களைத் தானே விசாரித்துத் தெரிந்துகொள்ளும் 'ஸ்னிஃபிங்' வசதி பல கிளையண்ட்களில் (செயலிக்காகக் கொத்தோடு பேசும் நிரல் நூலகங்களில்) உண்டு, ஆனால் கொத்து டாக்கருக்குள் (நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் மென்பொருள்) ஓடினால் திரும்பி வருபவை வெளியிலிருந்து எட்டாத உள்வலை முகவரிகளாக இருக்கலாம், அப்போது முதல் கோரிக்கை போய்விட்டு அடுத்தது திணறும்.

போர்ட் என்பது சர்வருக்குள் நுழையும் வாசல் எண். போர்ட் 9200 செயலிகளுக்கு. 9300 கணுக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள. பழைய ஜாவா டிரான்ஸ்போர்ட் கிளையண்ட் 9300-இல்தான் நுழையும், கொத்தின் பெயர் ஓர் எழுத்து மாறினாலும் சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே 'கணு எதுவும் இல்லை' என்று கைவிரித்துவிடும். எலாஸ்டிக்சர்ச் 8-ஆம் பதிப்பில் அந்தக் கிளையண்டை எடுத்துவிட்டார்கள்.

ஒற்றைக் கணு ஓடினாலும் எலாஸ்டிக்சர்ச் அதைக் கொத்து என்றே சொல்லும். அப்போது நகலை வைக்க வேறு இடம் இல்லாததால் கொத்தின் நலத்தை நிறத்தால் காட்டும் நிலை மஞ்சளில் நிற்கும். அது பிழை இல்லை, தேடல் நடக்கும். நகல் எண்ணிக்கையை 0 ஆக்கினால் பச்சைக்கு வந்துவிடும்.