பரிசோதனைப் பட்டியலில் துப்புரவு அக்காவும் இருக்க வேண்டும்

மலேசியாவின் நீலாய் நகரைச் சுற்றி ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்கள். இன்று செம்பனையும் பல்கலைக்கழகங்களும். என் கிளினிக்கில் விடுதி மாணவரும், அந்த விடுதியைக் கூட்டிக் கழுவும் தோட்டத்து அக்காவும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துதான் நம்பருக்குக் காத்திருப்பார்கள். ஆனால் வளாகத்தில் வாராவாரம் கோவிட் கிருமிப் பரிசோதனை என்று பேச்சு எழுந்தால், மாணவர், விரிவுரையாளர், அலுவலகப் பணியாளர் என்பதோடு பட்டியல் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. காண்டிராக்டில் வரும் துப்புரவாளர், பாதுகாவலர், கேண்டீன் ஊழியர் நினைவுக்கு வருவதில்லை.

நோயில்லாமல் நடமாடுபவரை ஏன் சோதிக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. கோவிட் தொற்றியவர், காய்ச்சல் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே பிறருக்குப் பரப்பத் தொடங்கிவிடுவார். அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகம், அர்பானா-ஷாம்பெயின் வளாகத்தில், 2020-இல் மாணவர்களையும் பணியாளர்களையும் வாரம் இருமுறை உமிழ்நீர் பிசிஆர் மூலம் சோதித்தது இதற்காகத்தான். அப்படியும் கல்வித் தவணை தொடங்கியதும் தொற்று ஏறியது. பாசிட்டிவ் என்று தெரிந்தும் சில மாணவர்கள் விருந்துகளுக்குப் போனதும் அதற்கு ஒரு காரணம். முடிவு வந்தபின் அந்த ஆள் ஒதுங்கியிருக்கவில்லை என்றால், எவ்வளவு நல்ல சோதனையும் பாதி வேலைதான் செய்யும்.

மாணவருக்கு ஒதுங்கியிருப்பது சலிப்பு. தினக்கூலிக்காரருக்கு அது அரிசி, பருப்பு.

இருமலோடு வந்த ஓர் அக்காவிடம் ஆர்டிகே (உடனடி முடிவு காட்டும் கோவிட் சோதனைக் கிட்) எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். "கோடு வந்தா நாளைக்கு வேலைக்குப் போக முடியாதே டாக்டர். இருமலுக்கு மட்டும் மருந்து குடுங்க, போதும்" என்றார். அவருக்கு அறிவுரை தேவைப்படவில்லை. சம்பளம் வெட்டப்படாது என்ற உறுதிதான் தேவைப்பட்டது.

அந்த உறுதி சட்டத்திலேயே இருக்கிறது. 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, ஒரே முதலாளியிடம் இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்பவருக்கும் ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. இரண்டு ஆண்டு முடிந்தால் 18, ஐந்து முடிந்தால் 22. காண்டிராக்டரிடம் சம்பளத்துக்கு வேலை செய்பவரும் தொழிலாளிதான். விடுப்பு எடுத்த 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குச் சொல்லிவிட வேண்டும் என்பது முக்கியம்; எம்சியை (மருத்துவ விடுப்புச் சான்றிதழை) படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, அதை அழிக்காமல் வைத்திருங்கள். சம்பளத்தை வெட்டினால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம்.

வீட்டில் சோதிப்பவர்களுக்கு: கிட்டை மோட்டார் சைக்கிள் பெட்டியிலோ வெயிலில் நிற்கும் காரிலோ வைக்காதீர்கள், பெரும்பாலானவை 30 டிகிரிக்கு மேல் தாங்காது. கிட்டில் 'T' என்ற எழுத்துக்கு நேரே வரும் டி கோடு எவ்வளவு மங்கலாகத் தெரிந்தாலும் பாசிட்டிவ்தான். அட்டையில் போட்டிருக்கும் நேரம் கடந்தபின் தோன்றும் கோட்டைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஒருமுறை நெகட்டிவ் வந்ததோடு விட்டுவிடாமல் 48 மணி நேரம் கழித்து மறுபடியும் பாருங்கள். அறிகுறியே இல்லாதவர் மூன்று முறை பார்ப்பது நல்லது. சளிக்காய்ச்சலையும் (இன்ஃபுளுவென்சா) சேர்த்துக் காட்டும் கிட் இப்போது மருந்தகங்களில் கிடைக்கிறது. ஆனால் இன்ஃபுளுவென்சா விஷயத்தில் அதன் நெகட்டிவை அப்படியே நம்பிவிட முடியாது.

வளாக நிர்வாகங்களிடம் நான் கேட்பது இதுதான். காண்டிராக்டரோடு போடும் ஒப்பந்தத்திலேயே சோதனைச் செலவையும் விடுப்புச் சம்பளத்தையும் எழுதிவிடுங்கள். சோதனை மேசையை அலுவலக நேரத்தில் மட்டும் திறந்தால் இரவு ஷிப்ட் பாதுகாவலர் வரமாட்டார். காலையில் ஆள் மாறும் நேரத்தில் பாதுகாவலர் சாவடிக்குப் பக்கத்திலேயே அதைப் போடுங்கள்.