பின்போல் கொயிலுக்கு எத்தனை சுற்று?

உலோகக் குண்டை உருட்டிப் புள்ளி சேர்க்கும் பழைய பின்போல் விளையாட்டு மேசையொன்றில், குண்டு பட்டால் அதை உதைத்துவிடும் மூன்று பம்பர்கள். இரண்டு, குண்டு பட்டதும் படாததுமாக உதைத்துத் தள்ளுகின்றன. மூன்றாவது ஏதோ கடமைக்குத் தட்டுகிறது. கனடாவில் இருந்து வீட்டுச் சாமான்களோடு கப்பலேறி, யாழ்ப்பாணத்துக் கொக்குவில் வீடொன்றின் விறாந்தைக்கு வந்து சேர்ந்த இயந்திரம் அது. மேசைப் பலகையை நிமிர்த்தி அடிப்பக்கம் பார்த்தால், பம்பர்களை இயக்கும் கம்பிச் சுருள்களான கொயில்களைச் சுற்றிய கடதாசியிலேயே விடை இருக்கிறது: இரண்டில் 23-750, ஒன்றில் 26-1200. முன்னொரு காலத்தில் யாரோ கையில் அகப்பட்டதைப் போட்டு ஒப்பேற்றியிருக்கிறார்கள். பருமனில் ஒன்றுபோல இருப்பதால் பூட்டும்போது வித்தியாசம் தெரிந்திருக்காது.

1970களின் கடைசிப் பகுதி வரை பின்போல் இயந்திரங்களுக்குள் சிப் என்று பெரிதாக எதுவும் இல்லை. ரிலேக்கள், நூற்றுக்கணக்கான சுவிச் தகடுகள், மெதுவாகச் சுழலும் ஒரு மோட்டர், அவ்வளவுதான். புள்ளி கூட்டுவதும் மணி அடிப்பதும் குண்டை உதைப்பதும் வரிச்சுருள்களின், அதாவது இந்தக் கொயில்களின் வேலை. எனாமல் பூசிய செப்புக் கம்பிச் சுருளின் நடுவே ஒரு இரும்புத் தண்டு ஓடும். மின் பாய்ந்ததும் அது உள்ளே இழுபடும். பம்பரில் அந்த இழுப்பு மேலேயுள்ள உலோக வளையத்தைச் சட்டென்று கீழே இறக்கும். வளையத்தின் சரிவு குண்டின் தோளில் விழ, குண்டு பிதுங்கிப் பறக்கும்.

வில்லியம்ஸ், பாலி போன்ற நிறுவனங்களின் கொயில் இலக்கம் வாசிக்கச் சுகமானது. முதல் எண் கம்பியின் கேஜ், அதாவது தடிப்பு எண் (எண் கூடினால் கம்பி மெல்லிசு), அடுத்தது சுற்றுகளின் எண்ணிக்கை. கொட்லீப் இயந்திரங்களில் ஏ-5141 என்பது போல வெறும் உதிரிப்பாக இலக்கம்தான் இருக்கும், அதில் இருந்து எதையும் ஊகிக்க முடியாது.

இப்போது ஒரு சிக்கல். ஆணியில் கம்பி சுற்றி மின்காந்தம் செய்த எல்லாருக்கும் சுற்று கூடினால் காந்தம் வலுக்கும் என்றுதான் தெரியும். அப்படியென்றால் 1200 சுற்றுள்ள கொயில் அல்லவா பலமாக உதைக்க வேண்டும்? பள்ளிக்கூட விதி பொய்யில்லை, ஆனால் அது மின்னோட்டம் மாறாமல் இருக்கும்போது சொல்லப்பட்டது. இயந்திரத்தில் மாறாமல் இருப்பது வோல்ற்றளவு. மெல்லிய கம்பியை நீளமாகச் சுற்றினால் தடை ஏறும், மின்னோட்டம் இறங்கும்.

கணக்கைப் பார்க்கலாம். 23-750 ஏறத்தாழ 4 ஓம், 26-1200 ஏறத்தாழ 11 ஓம். காந்தத்தின் பலம் மின்னோட்டத்தைச் சுற்றால் பெருக்கி வரும் அம்பியர்-சுற்றைப் பொறுத்தது. 24 வோல்ற் நேரோட்டம் (டிசி) கொடுத்தால் முதலாவதில் 6 அம்பியர், அதாவது 6 × 750 = 4500 அம்பியர்-சுற்று. இரண்டாவதில் 2.2 அம்பியர், 2600 சொச்சம் அம்பியர்-சுற்று. மூன்றாவது பம்பரின் சோம்பலுக்குக் காரணம் இதுதான்.

அப்போ பலம் கூட்டச் சுற்றுகளைக் குறைத்துவிடலாமே என்று தோன்றும். அதே கம்பியில் பாதிச் சுற்றைக் கழற்றினால் தடையும் கிட்டத்தட்டப் பாதியாகும், மின்னோட்டம் இரட்டிக்கும். நேரோட்டத்தில் அம்பியர்-சுற்று இருந்த இடத்திலேயே நிற்கும். வெப்பம் மட்டும் இரண்டு மடங்காகும். முதலாவது கொயிலே ஏற்கெனவே 144 வாற்றை விழுங்குகிறது, சாதாரண சோல்டரிங் அயன் 40 வாற்றுதான். கண்வெட்டும் நேரத்துக்கு மட்டும் வேலை செய்வதால் அது தப்புகிறது. ஒரு சுவிச் தகடு வளைந்து ஒட்டிக்கொண்டால் கடதாசி கறுத்து, எனாமல் கருகி, வீடெல்லாம் மணக்கும்.

உண்மையில் சிப் இல்லாத அந்தக் காலத்து இயந்திரங்களின் பெரும்பாலான கொயில்கள் ஆடலோட்டத்தில் (ஏசி) ஓடுபவை. அங்கே தடையோடு, மாறும் மின்னோட்டத்தைச் சுருளே எதிர்க்கும் தூண்டலும் மின்னோட்டத்தை மறிக்கும். தண்டு வெளியே நிற்கும்போது மறிப்புக் குறைவு, உள்ளே வந்ததும் கூடும். ஆகவே தண்டு பாதிவழியில் சிக்கினால் மின்னோட்டம் இறங்காமலே கொயில் வெந்துவிடும். இன்னொன்று, வட அமெரிக்க மின்சாரம் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். நம்முடையது 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். ஸ்ரெப்டவுன் ட்ரான்ஸ்போமர் வோல்ற்றைத்தான் இறக்கும், ஹேர்ட்ஸ் அப்படியே இருக்கும். தூண்டல் மறிப்பு ஆறில் ஐந்தாகக் குறைவதால் இங்கே அதே கொயில் கொஞ்சம் கூடுதலாக இழுத்து, கொஞ்சம் கூடுதலாகச் சுடும். யாழ்ப்பாணத்தில் பழைய இயந்திரத்துக்குப் 'பவர் கூடிய' கொயில் தேடுவது வீண் வேலை.

புதுக் கொயில் வரவழைக்காமல் ஊரிலேயே சுற்றலாமா? தாராளமாகச் சுற்றலாம். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டர்களை எரிய எரியச் சுற்றிக் கொடுக்கும் கடைகள் இங்கே இருக்கின்றன. தொண்ணூறுகளில் மின்சாரமே இல்லாதபோது சைக்கிள் டைனமோவைச் சுழற்றி ரேடியோ கேட்ட ஊர் இது, செப்புக் கம்பி புதிதில்லை. ஆனால் கடையில் "26 கேஜ் தாங்கோ" என்று மட்டும் கேட்காதீர்கள். இங்கே புழங்குவது பிரித்தானியக் கேஜ், இயந்திரத்தில் இருப்பது அமெரிக்கக் கேஜ். அமெரிக்க 26 என்பது 0.405 மில்லிமீற்றர், பிரித்தானிய 26 என்பது 0.457. குறுக்குவெட்டில் 27 வீதம் வித்தியாசம். சொன்ன சுற்று, கம்பி சுற்றும் உருளையான போபினுக்குள் அடங்காமலும் போகலாம், அடங்கினால் தடை குறைந்து கொயில் சுடும். அமெரிக்க 26க்குக் கிட்ட வருவது பிரித்தானிய 27, அமெரிக்க 23க்குப் பிரித்தானிய 24. கேஜை விட்டுவிட்டு மில்லிமீற்றரில் கேட்பதே நல்லது, மைக்ரோமீற்றர் வைத்து அளக்கும்போது எனாமலைச் சுரண்டிவிட்டு அளக்க வேண்டும்.

மாற்றுவது கஷ்டமில்லை. முதலில் பிளக்கைச் சுவரில் இருந்து கழற்றுங்கள், இயந்திரத்தின் சுவிச்சை நிறுத்தினால் போதாது. கம்பி நிறங்களைப் படம் எடுத்துவிட்டு சோல்டரை உருக்கி எடுங்கள். தண்டின் நுனி அடிபட்டு அடிபட்டுக் காளான்போல விரிந்திருந்தால் அதை அரத்தால் ராவி, உள்ளேயிருக்கும் குழாயையும் புதிதாகப் போடுங்கள். எண்ணெய் விடவே கூடாது, தூசியோடு சேர்ந்து பசையாகித் தண்டைப் பிடித்துக்கொள்ளும். பிற்கால நேரோட்ட இயந்திரங்களுக்கான கொயிலை வாங்கினால் அதன் குறுக்கே, மின்னோட்டத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் ஒரு டயோட் இருக்கும். ஆடலோட்டத்தில் அது ஒரு பக்க அலைக்குக் குறுஞ்சுற்றாகி பியூசை எரித்துவிடும், டயோடை வெட்டி எறிந்துவிட்டுக் கொயிலைப் பூட்டுங்கள்.

குண்டைத் திருப்பி அடிக்கும் துடுப்பான பிளிப்பரின் கொயில் மட்டும் தனி இனம். ஒரே போபினில் இரண்டு சுருள்: தடித்த கம்பி அடிப்பதற்கு, மெல்லிய கம்பி தூக்கிய நிலையில் பிடித்து வைப்பதற்கு. பிளிப்பர் முழுதாக உயர்ந்ததும் அதன் அடியில் ஒரு சின்னச் சுவிச் திறந்து, மெல்லிய சுருளைத் தொடரில் சேர்த்து மின்னோட்டத்தை அடக்கும். பொத்தானை அமத்திக்கொண்டே நின்றாலும் எரியாமல் இருப்பது அதனால்தான். பிளிப்பர் கொயில் எரிந்திருந்தால் புதியதைப் பூட்டுமுன் பிளிப்பரைக் கையால் தூக்கி, அந்தச் சுவிச் உண்மையில் திறக்கிறதா என்று மல்ரிமீற்றரில் பாருங்கள். திறக்காவிட்டால் புதியதும் அதே வழியில்தான் போகும்.