கட்டிக்கு ஏது உயர்தரம்?

“உயர்தரக் கட்டின்னு போட்டிருக்கே சார், அப்ப பயப்பட ஒண்ணுமில்லையே?” கடலூர் முதுநகரிலிருந்து அப்பாவைப் புதுச்சேரிக்கு வைத்தியத்துக்கு அழைத்து வந்த பையன் கேட்டான். அவன் கையில் ஆண்குறிப் புற்றுநோய் பற்றிய தமிழ்த் துண்டறிக்கை. இந்த ‘உயர்தர’த்தைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுமை போய்விட்டது.

மருத்துவர்கள் சொல்லும் ‘ஹை கிரேடு’தான் இப்படி ‘உயர்தரம்’ ஆகியிருக்கிறது. அந்தக் ‘கிரேடு’ இலத்தீனின் ‘கிராதுஸ்’ என்பதிலிருந்து வந்தது. காலடி, படி என்று பொருள். நல்லது கெட்டது எதுவும் அதில் கிடையாது. நுண்ணோக்கியில் பார்க்கும்போது புற்றுச் செல் இயல்பான செல்லை விட்டு எவ்வளவு விலகியிருக்கிறது என்பதே கிரேடு. ஒன்று என்றால் சாயல் இன்னும் இருக்கிறது. மூன்று என்றால் அடையாளமே தெரியவில்லை.

தமிழில் ‘தரம்’ அப்படியா? கடலூர்த் துறைமுகத்தில் இறாலைத் தரம் பிரித்தால் முதல் தரத்துக்குத்தான் விலை. ஊரெல்லாம் ‘உயர்தர சைவ உணவகம்’. இந்தச் சொல்லைக் கொண்டுபோய் மோசமான கட்டியின் தலையில் வைத்தால் படிப்பவர் என்ன நினைப்பார்? அகராதியில் முதலில் கிடைத்ததை எடுத்து ஒட்டுவதன் விளைவு இது.

சிலர் ‘வீரிய அளவு’ என்கிறார்கள். ஆணுறுப்பு நோயைப் பற்றிப் பேசும் இடத்தில் ‘அதிக வீரியம்’ என்றால் நம் ஊரில் எப்படிப் புரிந்துகொள்வார்கள் என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டாமா? ‘நிலை’யும் உதவாது. அது நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதைச் சொல்வது; அதற்குக் ‘கட்டம்’ இருக்கிறது. கட்டம் வேறு, கிரேடு வேறு.

இது வெறும் சொற்சண்டை இல்லை. ஆண்குறியில் வரும் புற்றில் மிகப் பெரும்பகுதி, தோலின் மேலடுக்குச் செல்களில் தொடங்கும் செதிள் செல் புற்றுதான், ஆனால் அதற்குள் வகைகள் உண்டு. மருப்போல மெதுவாக வளரும் ‘வெருகஸ்’ வகை கிரேடு ஒன்று. அது தொடையிடுக்கு நிணநீர்க் கணுக்களுக்குப் பரவுவது அபூர்வம். ‘பேசலாய்டு’ பெரும்பாலும் கிரேடு மூன்று. கணுக்களுக்குச் சீக்கிரம் போய்விடும். ‘சார்கோமடாய்டு’ எல்லாவற்றிலும் கொடியது. நோய் இனி எப்படிப் போகும் என்பதை முதன்மையாகத் தீர்மானிப்பது அந்தக் கணுக்கள்தான். கட்டி ஆழமாகப் போகாவிட்டாலும் கிரேடு மூன்று என்றால், தொடையிடுக்கில் நெறி கட்டாதபோதே அங்கே அறுவை செய்து சோதிக்கச் சொல்வார்கள். ‘உயர்தரம்’ என்று படித்து நிம்மதியானவர் அதற்கு எப்படிச் சம்மதிப்பார்?

என் பரிந்துரை ‘திரிபளவு’. பால் திரிந்துபோச்சு என்று சொல்லாத வீடு இல்லை. கெட்டு உருமாறியது என்று யாருக்கும் விளங்கும். ‘திரிபு மிகுந்த கட்டி’, ‘திரிபு குறைந்த கட்டி’ என்று எழுதினால் எது மோசம் என்ற கேள்வியே எழாது. கொரோனா காலத்தில் வைரஸ் வகைகளுக்குத் ‘திரிபு’ என்றார்களே என்பார்கள். ‘செல் திரிபளவு’ என்று எழுதுங்கள், குழப்பம் தீர்ந்தது.

தூய தமிழ் மேல் எனக்குப் பற்று உண்டு. ஆனாலும் ‘திரிபளவு’ பிடிக்காதவர்கள் ‘கிரேடு மூன்று’ என்றே தமிழ் எழுத்தில் போடட்டும். புரியாத சொல் என்றால் அந்தப் பையன் டாக்டரிடம் கேட்டிருப்பான். புரிந்துவிட்டது என்று நினைத்ததால்தான் கேட்காமலே இருந்தான்.