உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும் பூந்திக்கொட்டை

ராதாபுரம் பக்கத்திலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் வீட்டில் போர் தண்ணீர்தான். கடைச் சோப்பு அதில் நுரைப்பதில்லை. கையில் வெள்ளையாகத் திரிந்து பிசுபிசுக்கிறது. அம்பாசமுத்திரத்தில் அம்மா வீட்டுக்குப் போனால், ஆற்றுத் தண்ணீரில் அதே சோப்பு பொங்கிப் பொங்கி நுரைக்கிறது. ஆனால் பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் கசக்கினால் ராதாபுரத்துத் தண்ணீரிலும் நுரை வருகிறதே, அது எப்படி என்றும், அந்தச் சாற்றை நுரையாகப் பீய்ச்சும் பாட்டிலில் ஊற்றிக் கை கழுவலாமா என்றும் கேட்கிறார்.

சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தின் உப்பு என்பதும், அதன் மூலக்கூறில் ஒரு முனை நீரை நாடும், மறுமுனை எண்ணெயை நாடும் என்பதும் பள்ளிக்கூடத்தில் படித்தவைதாம். பொதிகையிலிருந்து கெட்டிப் பாறைகளின் மேல் ஓடி இறங்கி அம்பாசமுத்திரம் வழியே வரும் தாமிரபரணியில் கரைந்த கால்சியம் குறைவு. நிலத்தடியில் நெடுநாள் தங்கி மேலே வரும் நீரிலோ கால்சியமும் மக்னீசியமும் நிறைய இருக்கக்கூடும். ஒவ்வொரு கால்சியம் அயனியும், அதாவது மின்னூட்டமுள்ள கால்சியம் அணுவும், இரண்டு சோப்பு மூலக்கூறுகளைப் பிடித்துக்கொண்டு கரையாத படிவாகிவிடுகிறது. வாசகியின் கையில் பிசுபிசுத்தது அந்தப் படிவுதான். கால்சியம் முழுவதும் இப்படிச் செலவான பிறகே மிச்சமுள்ள சோப்பு நுரைக்கத் தொடங்கும்.

பூந்திக்கொட்டையின் தோலில் இருப்பது சப்போனின். எண்ணெயை நாடும் அகன்ற வளையக் கட்டு ஒன்றும், அதன் ஓரத்தில் சர்க்கரைச் சங்கிலியும் சேர்ந்தது அந்த மூலக்கூறு. சோப்பை நீரில் கரையவைப்பது அதன் முனையிலுள்ள மின்னூட்டம். சப்போனினைக் கரையவைப்பதில் பெரும்பங்கு சர்க்கரைக்கு. கால்சியம் மின்னூட்டத்தைத்தான் பற்றும், சர்க்கரையை அப்படிப் பற்றாது. ஆகவே உப்புத் தண்ணீரிலும் சப்போனின் பெரும்பாலும் திரியாமல் தன் வேலையைச் செய்கிறது. இம்மரத்தின் பேரினத்துக்கு தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் இட்ட 'சப்பிண்டஸ்' என்ற பெயருக்கே இந்தியச் சோப்பு என்றுதான் பொருள்.

நுரை உண்டாவது ஒரு செய்தி என்றால், அது உடையாமல் நிற்பது வேறொரு செய்தி. எனக்கு அலுக்காத விந்தை இந்த இரண்டாவதுதான். ஒரு குமிழின் சுவர் என்பது மெல்லிய நீர்ப்படலம். அதன் இரண்டு பக்கங்களிலும் சப்போனின் மூலக்கூறுகள், வளையப் பகுதியைக் காற்றுப் பக்கமும் சர்க்கரையை நீர்ப் பக்கமுமாக வைத்து அடுக்கி நிற்கின்றன. நீர் கீழே வடிய வடியப் படலம் மெலிகிறது. ஏதோ ஓரிடத்தில் அது அளவுக்கு மீறி இழுபட்டால், அங்கே மூலக்கூறுகளின் நெருக்கம் குறைந்து, அந்த இடத்தின் பரப்பு இழுவிசை, அதாவது நீர்ப்பரப்பு தன்னைச் சுருக்கிக்கொள்ள இழுக்கும் விசை, மட்டும் உயர்கிறது. உயர்ந்த இழுவிசை சுற்றிலுமுள்ள பரப்பைத் தன்பக்கம் இழுக்கிறது. இழுபட்டு வரும் பரப்பு தன் அடியிலுள்ள நீரையும் கூட்டிக்கொண்டு வந்து மெலிந்த இடத்தை நிரப்பிவிடுகிறது. கிழியப் போகும் இடமே தனக்கு வேண்டிய ஒட்டுத்துணியைத் தானே வரவழைத்துக்கொள்வதைப் போன்றது இது. வெறும் நீரின் பரப்பு இழுவிசை எங்கும் ஒரே அளவாக, மீட்டருக்கு ஏறத்தாழ 72 மில்லிநியூட்டனாக இருப்பதால், அதில் எழும் குமிழுக்கு இந்த வாய்ப்பு இல்லை, எழுந்தவுடன் உடைகிறது.

சப்போனினில் இதற்கு மேலும் ஒன்று உண்டு. அடுத்தடுத்து நிற்கும் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால், சப்போனின் வகைகள் பலவற்றில் அந்த அடுக்கு பாலின் மேல் படியும் ஆடையைப் போல விறைப்பாகிறது. அத்தகைய கரைசலின் துளி ஒன்றைக் குழாய் முனையில் தொங்கவிட்டு, சற்றுப் பொறுத்து நீரை மெல்ல உறிஞ்சினால், துளியின் மேல் சுருக்கங்கள் விழுவதைக் காணலாம்.

இனி பாட்டில். அதன் மூடியை அமுக்கும்போது சாறும் காற்றும் சேர்ந்து ஒரு நுண்ணிய வலையின் வழியே தள்ளப்படுகின்றன. வலைக்கண்ணின் அளவே குமிழின் அளவைத் தீர்மானிக்கிறது. சாறு நீர்த்ததாகவும், நார் இல்லாததாகவும் இருக்க வேண்டும் என்பது மட்டுமே அந்த வலையின் நிபந்தனை.

நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய பூந்திக்கொட்டையை உடைத்து, உள்ளிருக்கும் கறுப்பு விதையை நீக்கிவிட்டு, சுருங்கிய பழுப்புத் தோலை மட்டும் 50 கிராம் எடுத்து, அரை லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவையுங்கள். காலையில் சிறு தீயில் 20 நிமிடம் கொதிக்கவிடுங்கள். பாத்திரம் பாதிக்கு மேல் நிறையாமல் இருக்க வேண்டும். நான் முதல்முறை முக்கால் பாத்திரம் வைத்துவிட்டு வாசலுக்குப் போய்த் திரும்புவதற்குள், தேன்நிற நுரை மூடியைத் தூக்கிக்கொண்டு எழுந்து அடுப்பை அணைத்திருந்தது. ஆறியபின் கசக்கி, பழைய வேட்டித் துணியை நான்காக மடித்து இரண்டு முறை வடிகட்டுங்கள். சாற்றில் சர்க்கரை இருப்பதால் வெளியில் வைத்தால் சில நாளில் புளித்துவிடும். பாட்டிலில் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டு மீதியைக் குளிர்பெட்டியில் வைத்து, ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். மிஞ்சியதைக் குளத்திலோ வாய்க்காலிலோ கொட்டவே கூடாது. சப்போனின் மீன்களின் செவுளைத் தாக்கிக் கொல்லும்.

இயற்கையானது என்பதாலேயே இதில் வேதிப்பொருள் இல்லை என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. சப்போனினும் வேதிப்பொருள்தான். நுரை மிகுந்தால் அழுக்கு மிகுதியாகப் போகும் என்பதும் மூடநம்பிக்கையே. நுரை சாற்றைக் கையெங்கும் பரப்பித் தருகிறது, அழுக்கை எடுப்பது மூலக்கூறும் 20 விநாடித் தேய்ப்பும். வீட்டில் நோயாளி இருந்தால் வழக்கமான சோப்பையே பயன்படுத்துங்கள்.

நீரின் பரப்பு இழுவிசையை அளக்கும் முறையை உலகுக்குக் காட்டியவர்களில் முதன்மையானவர் ஜெர்மனியின் ஆக்னெஸ் பொக்கெல்ஸ். பல்கலைக்கழகம் பெண்களுக்குக் கதவடைத்திருந்த காலத்தில், தம் வீட்டுச் சமையலறையில் ஒரு தகரத் தொட்டியை வைத்து அவர் செய்த ஆய்வு, 1891இல் ஆங்கில இயற்பியலாளர் ரேலே பிரபுவின் பரிந்துரையோடு 'நேச்சர்' அறிவியல் இதழில் வெளிவந்தது. நம் ஊர்க் கல்லூரிகளில் ஆர்வமுள்ள மாணவிகள் இருக்கிறார்கள். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் ஒவ்வொரு காயின் நுரையையும் முறையாக அளக்கப் பெருந்தொகை தேவையில்லை. அந்தச் சிறுதொகையைக்கூட ஒதுக்கக் கல்லூரிகள் தயங்குவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

ராதாபுரத்து வாசகி அடுத்த முறை அம்பாசமுத்திரம் போய்த் திரும்பும்போது ஒரு பாட்டில் ஆற்றுத் தண்ணீர் கொண்டுவரட்டும். நான்கு கண்ணாடிப் பாட்டில்களில், இரண்டில் ஆற்றுநீரும் இரண்டில் போர் தண்ணீரும் சம அளவில் ஊற்றி, ஒவ்வொரு வகையிலும் ஒன்றில் சோப்புச் சீவலும் மற்றொன்றில் பூந்திச் சாறும் இட்டு, பத்துப் பத்து முறை குலுக்கி வரிசையாக வைத்துவிட்டு, கால் மணி நேரம் கழித்து வந்து எவற்றில் நுரை நிற்கிறது என்று அளவுகோல் வைத்துக் குறித்துக்கொள்ளட்டும்.