மருதம்பட்டை: ‘அர்ஜுனா’ என்ற பெயருக்குள் இருக்கும் நம் மரம்

நாட்டுமருந்துக் கடையில் இதயத்துக்கென்று ‘அர்ஜுனா பொடி’, ‘அர்ஜுனா கேப்ஸ்யூல்’, ‘அர்ஜுனாரிஷ்டம்’ என்று கேட்டு வாங்கப்படுபவை எல்லாம் ஒரே மரத்தின் பட்டையில் செய்தவை. அந்தப் பட்டைக்குத் தமிழ்ப் பெயர் மருதம்பட்டை. மரத்தின் பெயர் மருது அல்லது மருதம். மற்ற மருதுகளிலிருந்து பிரித்துச் சொல்லும்போது வெண்மருது, நீர்மருது. தாவரவியலில் டெர்மினாலியா அர்ஜுனா. கடுக்காய், தான்றி மரங்களும் இதே பேரினம்தான்.

‘அர்ஜுன’ என்பது வடமொழியில் வெண்மை, பளிச்சென்ற நிறம் என்று பொருள்படும் சொல். வெள்ளியைக் குறிக்கும் லத்தீன் சொல்லான ‘அர்கெந்தும்’ இதே வேரிலிருந்து வந்தது. இந்த மரத்தின் மேற்பட்டை வழவழப்பாக, சாம்பல் கலந்த வெளிர்நிறத்தில் இருப்பதால் அந்தப் பெயர். பாண்டவர்களில் ஒருவனுக்கும் அதே சொல் பெயரானது. அவன் வலிமையால் மரத்துக்குப் பெயர் வரவில்லை. மருத்துவ நூல்களில் ‘ககுபம்’ என்ற இன்னொரு பெயரும் நிறைய வரும். பழைய செய்முறைகளைப் படிப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. இல்லையென்றால் வேறொரு சரக்கு என்று நினைத்துவிடுவார்கள்.

அர்ஜுனமும் மருதும் ஒன்றே என்பதற்குக் கோயில் பெயர்களே சான்று. திருவிடைமருதூரின் வடமொழிப் பெயர் மத்தியார்ச்சுனம். இடை என்றால் மத்தியம், மருது என்றால் அர்ஜுனம். ஸ்ரீசைலம் மல்லிகார்ச்சுனம், அது தலைமருது. தாமிரபரணிக் கரையில் உள்ள திருப்புடைமருதூர் புடார்ச்சுனம், அது கடைமருது. குழந்தைக் கண்ணன் உரலோடு நடுவே தவழ்ந்து சாய்த்த ‘யமளார்ஜுனம்’ என்பதையும் தமிழ் இரட்டை மருதமரம் என்றே பாடியது. எனவே ‘அர்ஜுனா’வுக்குப் புதிதாக ஒரு தமிழ்ச் சொல் ஆக்க வேண்டியதில்லை. ஆற்றங்கரை மரம் என்பதால் வயல்சூழ்ந்த நிலத்துக்கே மருதம் என்று பெயர் வைத்த மொழி இது.

அறிவியல் பெயருக்கும் தென்னாட்டுத் தொடர்பு உண்டு. தாவரவியலாளர் வில்லியம் ராக்ஸ்பரோ இதைப் ‘பென்டாப்டெரா அர்ஜுனா’ என்று குறித்திருந்தார். பென்டாப்டெரா என்றால் ஐந்து இறக்கை. இதன் காயில் நீளவாட்டில் ஐந்து இறக்கைகள் புடைத்து நிற்பதைப் பார்த்தால் காரணம் புரியும். சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ராபர்ட் வைட், வாக்கர் ஆர்னட்டோடு சேர்ந்து 1834-இல் இதை டெர்மினாலியா பேரினத்தில் சேர்த்தார். கிளை நுனியில் இலைகள் கூட்டமாக இருப்பதால் வந்த பெயர் அது.

சிக்கல் ‘மருது’ என்ற சொல்லில்தான் இருக்கிறது. அது ஒரு மரத்தோடு நிற்பதில்லை. கருமருது இதே பேரினத்து மரம், காட்டில் நிறைய உண்டு. அதன் பட்டை கறுத்து, முதலைத் தோல்போல் கட்டம் கட்டமாக ஆழமாக வெடித்திருக்கும். பூமருது குடும்பமே வேறு. ஊதாநிறத்தில் கொத்தாகப் பூக்கும். மருதோன்றி என்பது மருதாணி. பெயர் நெருங்கியிருந்தாலும் அது வேறு செடி. சங்கப் பாடல்களின் மருதம் பூமருதே என்று கொள்வோரும் உண்டு. அது இலக்கிய ஆராய்ச்சிக்கு உரியது. இதயத்துக்கான மருந்து என்று பேசும்போது மருதம்பட்டை வெண்மருதின் பட்டை மட்டுமே. தெலுங்கிலும் இதையே ‘தெல்லமத்தி’ (வெள்ளை), ‘நல்லமத்தி’ (கறுப்பு) என்று நிறம் சொல்லிப் பிரிக்கிறார்கள். சீட்டில் எழுதும்போது ‘வெண்மருதம்பட்டை’ என்று எழுதுவதே பாதுகாப்பு.

இதய மருந்து என்ற புகழ் தொடக்கத்திலேயே வந்ததல்ல. பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை இதைத் தோல் தடிப்பைத் தணிக்கும் சரக்குகளோடு வைத்தது. இதயத்துக்கு இதமானவை என்ற பட்டியலில் வைக்கவில்லை. துவர்ப்பு மிகுந்த பட்டை என்பதால் இரத்தக் கசிவு, புண், கழிச்சல், எலும்பு முறிவு ஆகியவற்றுக்குப் பயன்பட்டது. இதய நோய்க்கு இதைச் சொன்னவர்களில் முதல்வராக ஆயுர்வேத நூலாசிரியர் வாக்படர் குறிப்பிடப்படுகிறார். பதினோராம் நூற்றாண்டின் சக்கரதத்தர் இன்னும் தெளிவாக, ககுபப் பட்டைத் தூளை நெய்யிலோ பாலிலோ வெல்லநீரிலோ குடிக்கச் சொன்னார். ஆனால் அந்த நூல்களின் ‘ஹிருத்ரோகம்’ நெஞ்சில் தோன்றும் பலவகைத் துன்பங்களைச் சேர்த்துச் சொல்லும் சொல். இன்றைய ‘இரத்தக் குழாய் அடைப்பு’ என்று அதை நேராக மொழிபெயர்த்து, ‘அடைப்பைக் கரைக்கும் என்று முன்னோர் சொன்னார்கள்’ என்று பரப்புவது முன்னோர் சொல்லாததை அவர்கள் வாயில் திணிப்பது.

பால்கஷாயம் செய்ய நூல்முறை ஒரு பங்கு பட்டை, எட்டுப் பங்கு பால், முப்பத்திரண்டு பங்கு நீர். அதாவது 5 கிராம் பட்டைக்கு 40 மி.லி. பால், 160 மி.லி. தண்ணீர். நீர் முழுக்க வற்றிப் பாலளவு மட்டும் நிற்க வேண்டும். அளவு தெரியச் சிறிய பாத்திரமாக எடுத்து, முதலில் 40 மி.லி. தண்ணீர் ஊற்றி, ஈர்க்குச்சியை நிறுத்தி நனைந்த இடத்தில் கீறிக்கொள்ளுங்கள். பிறகு எல்லாவற்றையும் சேர்த்துச் சிறுதீயில் கிளறிக்கொண்டே காய்ச்சி, கீறல் மட்டத்துக்கு வந்ததும் இறக்கி வடிகட்டலாம். தண்ணீரைக் குறைத்தால் பட்டையின் சாறு இறங்குமுன் பால் அடிப்பிடிக்கும். தீ கூடினால் பட்டையின் துவர்ப்புப் பொருளான டானின் பட்டுப் பால் திரிவதும் உண்டு. வெறும் நீர்க் கஷாயம் என்றால் 10 கிராம் இடித்த பட்டைக்கு 160 மி.லி. நீர் விட்டு எட்டில் ஒன்றாக, 20 மி.லி.க்கு வற்றவைப்பது வழக்கம். நான்கில் ஒன்றோடு நிறுத்துவோரும் உண்டு.

இரண்டு கஷாயத்துக்கும் மாவுபோல் சலித்த பொடி ஆகாது. அது வடிகட்டியில் இறங்கி அடியில் சேறாகப் படிந்து தொண்டையைப் பிடிக்கும். கொரகொரப்பாக இடித்த தூள்தான் வேண்டும். இரும்புச் சட்டியில் காய்ச்சக் கூடாது. டானின் இரும்போடு சேர்ந்து கஷாயம் மையாகக் கறுத்துவிடும். எவர்சில்வர் அல்லது மண்பாத்திரம் போதும். பொடியாகவே கொடுக்கும்போது நாளுக்கு 3 முதல் 6 கிராம் என்பது ஆயுர்வேத மருத்துவர்கள் வைக்கும் அளவு. அர்ஜுனாரிஷ்டம் வேறு வகை. மருதம்பட்டையோடு உலர்திராட்சையும் இலுப்பைப்பூவும் காய்ச்சி, வெல்லமும் காட்டாத்திப்பூவும் சேர்த்து நொதிக்கவிடுவது. அதில் இனிப்பும் சிறிதளவு சாராயமும் தானாக இருக்கும். சர்க்கரை நோயாளிகள் இதைக் கணக்கில் கொள்ளாமல் ‘பட்டைதானே’ என்று குடிப்பது அடிக்கடி நடக்கும் தவறு.

நவீன ஆய்வுகள் அர்ஜுனோலிக் அமிலம், அர்ஜுனிக் அமிலம், ஃபிளேவனாய்டுகள், டானின்கள், நிறையச் சுண்ணாம்புச் சத்து ஆகியவற்றைப் பட்டையில் கண்டிருக்கின்றன. 1995-இல் வெளியான ஒரு சிறு ஆய்வில், கடுமையான இதயச் செயலிழப்பு உள்ள 12 பேருக்கு 500 மி.கி. பட்டைச் சாறு எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுத்தபோது நிலை மேம்பட்டது. அவர்கள் ஏற்கெனவே சாப்பிட்ட மருந்துகளை நிறுத்தவில்லை. இது கூடுதலாகத்தான் தரப்பட்டது. நெஞ்சுவலி நோயாளிகளிடமும் கொலஸ்ட்ரால் கூடியவர்களிடமும் நல்ல பலன் சொன்ன சிறு ஆய்வுகள் உண்டு. ஆனால் 2016-இல் வெளியான இன்னும் பெரிய, போலிமருந்தோடு (மருந்துச் சரக்கே இல்லாத, ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் தருவது) ஒப்பிட்ட ஆய்வில், 750 மி.கி. நீர்ச்சாறு நாளுக்கு இருமுறை 12 வாரம் கொடுத்தும், இதயம் இரத்தத்தை வெளித்தள்ளும் திறன் போலிமருந்துக் குழுவைவிட உயரவில்லை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முதலாவதை மட்டும் சொல்லி விற்பது நோயாளிக்குச் செய்யும் துரோகம். ‘இதய வலுவூட்டி’ என்ற சொல்லை ‘இதய நோயைத் தீர்ப்பது’ என்று படிக்கக் கூடாது.

பெரும்பாலோருக்கு வரும் தொல்லை மலச்சிக்கலும் வயிற்று வலியும். துவர்ப்பு மிகுந்தால் அப்படித்தான். இரும்புச் சத்து மாத்திரையோடு ஒரே நேரத்தில் குடித்தால் டானின் அந்த இரும்பைப் பிடித்துக்கொள்ளும். சில மணி நேரம் இடைவெளி விடுங்கள். இரத்த அழுத்த மாத்திரையோடு சேரும்போது அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கலாம், எழுந்து நின்றால் தலைசுற்றும். பல மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளை இந்தச் சாறு தடுப்பதாக ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. ஆகவே வார்ஃபரின் போன்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்கவே கூடாது. அறுவைச் சிகிச்சை இருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி நிறுத்த வேண்டும். கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். நெஞ்சை அழுத்தும் வலி இடக்கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்வை கொட்டினால் கஷாயம் காய்ச்ச நேரமில்லை. 108-ஐ அழைக்க வேண்டும்.

வாங்கும்போது முடிந்தவரை பொடியாக வாங்காமல் பட்டைத் துண்டாகவே வாங்குங்கள். பொடியில் எந்த மருது கலந்தது என்று கண்ணால் சொல்ல முடியாது. நல்ல துண்டின் வெளிப்புறம் வெளிறி வழவழப்பாகவும், உட்புறம் இளஞ்சிவப்பாகவும் இருக்கும்; மென்றால் நாக்கை இழுக்கும் துவர்ப்பு. வெளிப்புறம் கறுத்து ஆழமாக வெடித்திருந்தால் அது கருமருது, திருப்பிக் கொடுத்துவிடலாம். தோட்டத்து மரத்திலிருந்து உரிப்பவர்கள் முதிர்ந்த மரத்தில், ஒருபக்கமாக, நீளவாட்டில் மேற்பட்டையை மட்டும் எடுத்து நிழலில் உலர்த்த வேண்டும். சுற்றிலும் வளையமாக உரித்தால் இலையில் தயாராகும் உணவு வேருக்கு இறங்க வழியின்றி மரம் பட்டுப்போகும்.