சிரஸ்தார்: சொல்லும் பொருளும் தமிழும்

குற்றவியல் நீதிமன்றத்துக்கு முதல்முறை போகிறவர் கண்ணில் படுவது நீதிபதி, வக்கீல்கள், பெயர் கூப்பிடும் டபேதார் ஆகியோர்தான். ஆனால் ‘தீர்ப்பு நகல் எப்போது கிடைக்கும்’, ‘ஜாமீன் உத்தரவு ஜெயிலுக்குப் போய்விட்டதா’, ‘வழக்குக் கட்டு ஹைகோர்ட்டிலிருந்து திரும்பி வந்ததா’ என்று எதைக் கேட்டாலும், ‘சிரஸ்தாரைப் பாருங்க’ என்று ஒரு அறையைக் காட்டுவார்கள். தமிழ்நாட்டில் அமர்வு (செஷன்ஸ்) நீதிமன்றத்தின் அலுவலகத்தை நடத்தும் ஊழியருக்குப் பதவிப் பெயர் அது. நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றங்களில் இந்தப் பொறுப்பைப் பெரும்பாலும் தலைமை எழுத்தர் பார்க்கிறார்.

சொல் பாரசீகத்திலிருந்து வந்தது. மூல வடிவம் ‘சர்-ரிஷ்தா-தார்’. சர் என்றால் தலை அல்லது நுனி. ரிஷ்தா என்றால் நூல், இழை. தார் என்றால் வைத்திருப்பவர். தாசில்தார், ஜமீன்தார், சுபேதார் எல்லாவற்றிலும் வால்போல் ஒட்டியிருப்பது இதே தார்தான். ஆக, நேர்ப்பொருள் நூலின் நுனியைக் கையில் வைத்திருப்பவர். பாரசீகத்தில் ‘சர்ரிஷ்தா’ என்பது காலப்போக்கில் ஆவணங்களையும், ஆவணங்கள் இருக்கும் அலுவலகத்தையும் குறிக்கத் தொடங்கியது. அதைக் கவனித்துக்கொள்பவர் சர்ரிஷ்தாதார் ஆனார். இந்தியில் உறவைக் குறிக்கும் ‘ரிஷ்தா’வும் இதே இழைதான்.

கன்னடத்தில் ‘சிரஸ்தேதார்’ என்றும், மலையாளத்தில் ‘சிரஸ்ததார்’ என்றும் இந்தச் சொல் வாழ்கிறது. தமிழில் நடுவில் ஓர் எழுத்து தேய்ந்து ‘சிரஸ்தார்’ என்று நின்றுவிட்டது. இந்தத் தேய்வால் ஒரு குழப்பமும் வந்தது. ‘சிரஸ்’ என்றால் வடமொழியில் தலை, ஆகவே சிரஸ்தார் என்றால் தலைவர் என்று பலர் விளக்கம் சொல்கிறார்கள். வந்த வழி அதுவல்ல. ஆனாலும் அந்த விளக்கம் முழுக்கப் பொய்யும் இல்லை. பாரசீக ‘சர்’ரும் வடமொழி ‘சிரஸ்’ஸும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்த உறவுச் சொற்கள். அந்த விளக்கத்தில் காணாமல் போவது ‘ரிஷ்தா’ என்ற இழை. அந்த வேலையின் உயிரே அந்த இழையில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

கம்பெனி ஆட்சியில் கலெக்டர் கச்சேரியிலும் (அலுவலகத்திலும்) சிரஸ்தார் உண்டு, கோர்ட்டிலும் உண்டு. துரைமாருக்கு ஊர் மொழியும் வழக்கமும் தெரியாது. மனுவை வாங்குவது, முறைப்படி இருக்கிறதா என்று பார்ப்பது, படித்துக் காட்டுவது, ஆவணத்தைக் காப்பது எல்லாம் இவர் கையில் இருந்தது. அப்போது குற்றவியல் நீதிமன்றத்துக்குப் பெயர் ‘பௌஜ்தாரி’. சென்னையில் கம்பெனியின் உச்சக் குற்றவியல் நீதிமன்றமாக இருந்த சதர் பௌஜ்தாரி அதாலத், 1862இல் உயர் நீதிமன்றம் அமைந்தபோது அதோடு கலந்துவிட்டது. சீர்திருத்தவாதி ராம்மோகன் ராய்கூட 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராம்கர் பௌஜ்தாரி நீதிமன்றத்தில் சில மாதம் சிரஸ்தாராக இருந்தவர். கம்பெனி நீதிமன்றங்களில் பாரசீகத்துக்கு இருந்த இடத்தை 1837ஆம் ஆண்டின் 29ஆம் சட்டம் முடித்து வைத்தது. பாரசீகம் போயிற்று, பதவிப் பெயர்கள் தங்கிவிட்டன.

சரி, இன்று அந்த நூலின் நுனி எங்கே இருக்கிறது? ஒரு கொலை வழக்கை எடுத்துக்கொள்வோம். போலீஸ் தாக்கல் செய்யும் குற்றப்பத்திரிகை முதலில் நடுவர் நீதிமன்ற அலுவலகத்துக்கு வருகிறது. சாட்சிகள் பட்டியலும் வாக்குமூலங்களும் ஆவணங்களும் சரியாக இருக்கின்றனவா, எதிரிகள், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு நகல் இருக்கிறதா என்று அலுவலகம் பார்க்கிறது. குறை இருந்தால் கட்டு திரும்பிப் போகும். எல்லாம் சரியென்றால் பி.ஆர்.சி. (முதற்பதிவு வழக்கு) எண் விழும். எதிரிக்கு நகல்கள் கொடுக்கப்பட்ட பிறகு வழக்கு அமர்வு நீதிமன்றத்துக்கு ஒப்படைக்கப்படும். கட்டோடு கத்தி, ரத்தம் தோய்ந்த சட்டை போன்ற சான்றுப் பொருட்களும் போகும். அங்கே எஸ்.சி. (அமர்வு வழக்கு) எண் கொடுத்து, சம்மன் அனுப்ப வைத்து, எந்த நாளில் எந்தச் சாட்சி என்று ஓட்டத்தைக் கவனிப்பதெல்லாம் சிரஸ்தாரின் பார்வையில் நடக்கும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் இந்த அலுவலக வேலைக்குக் கெடு வைத்துவிட்டது. எதிரி ஆஜரான நாளிலிருந்து 14 நாளுக்குள் நகல்களைக் கொடுத்தாக வேண்டும் என்கிறது 230ஆம் பிரிவு. வழக்கைக் கோப்புக்கு எடுத்த நாளிலிருந்து 90 நாளுக்குள் அமர்வு நீதிமன்றத்துக்கு ஒப்படைத்துவிட வேண்டும், காரணம் எழுதினால் 180 நாள் வரை போகலாம் என்கிறது 232ஆம் பிரிவு. சட்டம் இதை நடுவரின் கடமையாக எழுதியிருக்கிறது. நாளை எண்ணிக்கொண்டிருப்பது அலுவலகம்.

ஜாமீனில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். நீதிபதி ஜாமீன் கொடுத்துவிட்டார் என்பதாலேயே சிறைக்கதவு திறப்பதில்லை. உத்தரவு தட்டச்சாக வேண்டும், ஜாமீன்தாரர் தாள்களைச் சரிபார்க்க வேண்டும், விடுதலைக் கடிதம் சிறைக்குப் போக வேண்டும். ஜாமீன் உத்தரவின் நகலை அன்றே அல்லது மறுநாளே மின்னஞ்சலில் சிறைக்கு அனுப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 2023 ஜனவரியில் சொல்ல வேண்டியிருந்தது. அலுவலகத்தில் ஒரு தாள் தங்கிப்போனால் ஒரு மனிதன் இன்னொரு இரவு உள்ளே இருக்கிறான். இந்தப் பதவியைப் பற்றி நான் இவ்வளவு அக்கறையாக எழுதுவதற்கு இதுதான் காரணம்.

இனி, சிரஸ்தாருக்கு ஈடான தமிழ்ச் சொல். ‘தலைமை எழுத்தர்’ என்று எழுதினால் அது வேறொரு பதவியின் பெயர். ‘நீதிமன்ற மேலாளர்’ என்றாலும் அப்படித்தான். 13ஆம் நிதிக்குழுவின் காலத்தில் மேலாண்மைப் பட்டதாரிகளுக்கென்று உருவான தனிப் பதவி அது. ‘நிர்வாக ஒருங்கிணைப்பாளர்’ என்றால் எந்த நிறுவனத்துக்கும் பொருந்தும், கோர்ட் வாசனை இருக்காது. இலங்கையில் நீதிமன்ற அலுவலகத் தலைவரைப் ‘பதிவாளர்’ என்கிறார்கள். நல்ல சொல்தான், ஆனால் நம்மிடம் அது உயர் நீதிமன்றத்தில் பெரிய பதவிக்குப் போய்விட்டது.

நம் பழைய இலக்கியத்தில் இந்த ஆள் இல்லாமல் இல்லை. பெரியபுராணத்தில் திருவெண்ணெய்நல்லூர் அவையில் சுந்தரர்மேல் முதியவர் ஒருவர் வழக்குத் தொடுக்கிறாரே, அங்கே அடிமை ஓலையை வாங்கிப் பிரித்துப் படிப்பவர் ‘கரணத்தான்’. பிறகு சுந்தரருடைய பாட்டனாரின் கையெழுத்து உள்ள வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஆவணக்காப்பு, ஒப்புநோக்கு, அவையில் வாசிப்பு என ஒரு நீதிமன்ற அலுவலகத்தின் வேலை முழுவதும் 12ஆம் நூற்றாண்டுச் செய்யுளில் இருக்கிறது. கரணத்தானை அப்படியே மீட்கலாம் என்றால், ‘கரணம்’ வடமொழி வேர் கொண்டது. தவிர, ‘கர்ணம்’ என்றதும் 1980இல் ஒழிக்கப்பட்ட கிராமக் கணக்குப் பதவிதான் இன்றும் பலருக்கு நினைவு வரும்.

அதே காட்சியில் வரும் இன்னொரு சொல் ‘ஆவணம்’. இன்றும் எல்லோருக்கும் புரிகிற சொல். அதை வைத்து ‘வழக்காவண அலுவலர்’ என்று சொல்லலாம் என்பது என் பரிந்துரை. வேண்டுமானால் முன்னால் ‘தலைமை’ சேர்த்துக்கொள்ளலாம். ‘வழக்கேட்டு அலுவலர்’ என்றும் யோசித்தேன். வழக்கு, ஏடு இரண்டும் சேர்ந்து ‘வழக்கேடு’ ஆகும்போது கடைசியில் ‘கேடு’ என்று காதில் விழுகிறது, அதனால் விட்டுவிட்டேன்.

அரசாணையில் பெயர் மாறும் வரை மனுவில் ‘சிரஸ்தார்’ என்று எழுதுவதுதான் சரி. கிரந்த எழுத்து வேண்டாம் என்பவர்கள் ‘சிரசுதார்’ என்று எழுதலாம். ‘சிரேஷ்டதார்’ என்று சிலர் எழுதுவது மட்டும் பிழை. ‘சிரேஷ்ட’ என்ற வடசொல்லுக்கும் இந்தப் பதவிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.